லாரியில் பிசிஎம் போய்விட்டது என்கிறார்கள், பழையது வாங்கிப் போடலாமா?

நாமக்கல்லில் இருந்து ஒரு லாரி உரிமையாளர் கேட்டிருப்பது இது. 2021-ல் வாங்கிய பிஎஸ்-6 வண்டி, 12 சக்கரம், சேலம் – பெங்களூரு லைனில் ஓடுகிறது. மழைக்குப் பிறகு இடது பக்க ஹெட்லைட் ஓட்டத்திலேயே அணைகிறது, பத்து நிமிடம் கழித்துத் தானாக வருகிறது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஒருமுறை அசைகிறது. மீட்டரில் அவ்வப்போது தொடர்புக் கோளாறு என்று காட்டுகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்த எலக்ட்ரீசியன் "பிசிஎம் போயிடுச்சு, மாத்தணும்" என்றாராம். பிசிஎம் என்பது பாடி கன்ட்ரோல் மாட்யூல் (BCM), விளக்கு, வைப்பர், ஹாரனை இயக்கும் மின்னணுப் பெட்டி. புதியதற்கு 40,000 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். காயலான் கடையில் அதே மாடல் வண்டியில் கழற்றியது 9,000-க்குக் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா, நாமே மாற்றிக்கொள்ள முடியுமா என்பது கேள்வி.

நீங்கள் கேட்டது பழைய பாகத்தைப் பற்றி. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. உங்கள் வண்டியில் இருக்கும் பிசிஎம் உண்மையிலேயே போய்விட்டதா? போயிருந்தால் எதனால் போனது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் புதியது போட்டாலும் பழையது போட்டாலும் அதே பணத்தை இரண்டாவது முறை செலவு செய்ய நேரும். இருபது வருடத்துக்கு மேலாக கனரக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். "பிசிஎம் போச்சு" என்று என்னிடம் வந்த வண்டிகளில் நிறைய வண்டிகள் பிசிஎம் மாற்றாமலேயே சரியாகிப் போயின.

முதலில் அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் ஹெட்லைட் சுவிட்சைப் போட்டால் கரண்ட் ரிலே வழியாக நேரே பல்புக்குப் போகும். இப்போது சுவிட்ச் ஒரு தகவல்தான் சொல்கிறது. அதை வாங்கி, யாருக்குக் கரண்ட் கொடுப்பது என்று முடிவு செய்வது பிசிஎம். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கேபின் விளக்கு, சில வண்டிகளில் கதவுப் பூட்டு, சாவி சரிபார்ப்பு என எல்லாம் அதன் கையில். எஞ்சினை இயக்கும் பெட்டியான இசியு, மீட்டர், பிரேக்கின் ஏபிஎஸ் ஆகியவற்றோடு அது கேன் எனப்படும் இரண்டு முறுக்கு வயர் வழியாகப் பேசிக்கொண்டே இருக்கிறது. பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட முறை அது. லாரிகளில் அதன் மேல் ஜே1939 என்ற பொதுவான மொழி ஓடுகிறது.

இப்போது ஸ்கேனர் சொன்னதற்கு வருவோம். "பிசிஎம்மோடு தொடர்பு இல்லை" என்ற கோளாறுக் குறியீட்டைப் (கோடு) பதிவு செய்வது பெரும்பாலும் மற்ற பெட்டிகள்தான். ஒருவருக்குப் போன் போட்டு "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வந்தால் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கலாம், டவர் போயிருக்கலாம். பிசிஎம் பேசவில்லை என்றாலும் அப்படித்தான்: அதற்கு வரும் சப்ளை இல்லாமல் போயிருக்கலாம், எர்த் போயிருக்கலாம், கேன் வயர் அறுந்திருக்கலாம். கடைசியாகத்தான் அந்தப் பெட்டி.

நீங்கள் சொன்ன அறிகுறிகளில் என்னை நிறுத்தியது ஹாரனுக்கு அசையும் வைப்பர். எர்த் கோளாறு என்று அது கிட்டத்தட்ட வாய்விட்டே சொல்கிறது. பல வண்டிகளில் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு வோல்ட்டேஜைக் கொடுக்கிறது. பிசிஎம் அதை அளந்து "இது வைப்பர், இது வாஷர்" என்று புரிந்துகொள்கிறது. ஹாரன் நல்ல கரண்ட் இழுக்கும். எர்த் சரியில்லாத இடத்தில் அந்தக் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் எர்த் வயரிலேயே கொஞ்சம் வோல்ட்டேஜ் ஏறும். அந்த ஏற்றத்தில் பிசிஎம் சுவிட்சைத் தப்பாகப் படிக்கிறது. அதன் மூளை நன்றாக இருக்கிறது, நிற்கிற தரைதான் ஆடுகிறது.

லாரியில் இது அதிகம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. கேபின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால் கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு பின்னல் செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். கேபினைத் தூக்கித் தூக்கி இறக்கும்போதும், ரோட்டில் ஆடும்போதும் அந்தப் பட்டை மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறும். மழைத் தண்ணீர் பட்டால் போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துவிடும்.

இதில் நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். உங்கள் வண்டியைப் போலவே அறிகுறிகள். கோளாறுக் குறியீட்டைப் படித்து, சப்ளையைப் பார்த்து, எர்த்தை மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து புது பிசிஎம் போட வைத்தேன். மூன்று வாரத்தில் வண்டி அதே கோளாறோடு திரும்ப வந்தது. ராத்திரி கேபினைத் தூக்கி நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பட்டையைக் கையால் தடவிப் பார்த்தேன். வெளியே பார்க்க முழுசாக இருந்தது. மேலே சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால் உள்ளே நாலைந்து இழைதான் மிச்சம். விரலால் லேசாக நெளித்ததும் அதுவும் கையோடு வந்துவிட்டது. ஓம் மீட்டர் அனுப்பும் துளிக் கரண்டுக்கு நாலு இழை போதும், அதனால் பூஜ்யம் காட்டியது. ஹெட்லைட்டும் ஹாரனும் சேர்ந்து இழுக்கும்போது போதாது. அந்த உரிமையாளருக்கு நான் வைத்த செலவு இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆகவே எர்த்தை லோடு போட்டு, அதாவது விளக்கும் ஹாரனும் கரண்ட் இழுக்கும்போதுதான் அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கட்டையிலேயே வையுங்கள், சேசிஸில் வேண்டாம். சிவப்பு முனையை பிசிஎம் கப்ளரின் (வயர்கள் பெட்டியில் செருகும் இணைப்பான்) எர்த் பின்னில், கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாகத் தொடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, எல்லா விளக்கும் வைப்பரும் போட்டு, ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் வந்தால் சந்தேகமே இல்லை, எர்த் பாதையில் கோளாறு. அதே முறையில் சப்ளை பின்னையும் பாருங்கள். பிசிஎம்முக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு சப்ளை இருக்காது. நாலைந்து ஃபியூஸில் இருந்து தனித்தனியாக வரும். ஒன்று போனாலும் பாதி விளக்கு எரியும், பாதி எரியாது, பார்ப்பவருக்கு "பெட்டி பாதி செத்துவிட்டது" என்றுதான் தோன்றும்.

கேன் வயரைச் சோதிப்பது இன்னும் சுலபம். பேட்டரி கட்-ஆஃப் செய்துவிட்டு, கேன் இரண்டு வயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஒன்பது பின் வட்ட சாக்கெட் என்றால் சி, டி என்று எழுதியிருக்கும் பின்கள். பதினாறு பின் என்றால் 6, 14. இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சேர்த்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் இந்த சாக்கெட்டுக்கும் உள்ளே ஓடும் கேனுக்கும் நடுவே இன்னொரு பெட்டி இருக்கும். அப்போது சாக்கெட்டில் 60 வந்தாலும் அது பிசிஎம் பக்கத்து வயரைப் பற்றிச் சொல்லாது. பிசிஎம் கப்ளரிலேயே அளக்க வேண்டும்.

அப்புறம் அந்த இடது ஹெட்லைட். பத்து நிமிடம் அணைந்து தானாக வருகிறது என்றால் சூடு ஏறி இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிசிஎம்முக்குள் பல்புக்குக் கரண்ட் கொடுக்கும் சிப், அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலோ சூடானாலோ தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறினதும் திரும்ப வரும். அது கோளாறு அல்ல, தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் என்ன பல்பு போட்டிருக்கிறீர்கள் என்று கழற்றிப் பாருங்கள். 24 வோல்ட் ஹெச்4 பல்பு 75/70 வாட். வெளிச்சம் போதவில்லை என்று டிரைவர்கள் 100 வாட் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். 3 ஆம்பியர் இழுக்க வேண்டிய இடத்தில் 4-க்கு மேல் இழுக்கிறது. ஹெட்லைட் ஹோல்டர் கருகியிருந்தாலும், வயர் எங்காவது உரசி அரைகுறையாக ஷார்ட் ஆனாலும் இதே கதைதான். ஆனால் அந்த ஒரு சிப் உண்மையிலேயே பழுதாகி இருக்கவும் வாய்ப்பு உண்டு. வண்டியைத் தொடாமல் என்னால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் பிரிக்கலாம்: ஹெட்லைட் வயரை பிசிஎம்மில் இருந்து தனியாக்கி, அந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை மட்டும் போட்டு ஓடவிடுங்கள். பல்பு எடுக்கப்பட்டதாக மீட்டரில் எச்சரிக்கை வரலாம், பொருட்படுத்த வேண்டாம். அதிலும் அணைந்தால் குற்றவாளி பெட்டிதான்.

சரி, எல்லாம் அளந்து பார்த்து, சப்ளை, எர்த், கேன் மூன்றும் சுத்தம், ஆனாலும் பெட்டி பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே புதியதை ஆர்டர் செய்துவிடாதீர்கள். கப்ளரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்குப் பிறகு ஆரம்பித்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். முன் கண்ணாடி ரப்பர் வழியாகக் கசியும் தண்ணீர் வயரிங் மேலேயே வழிந்து கப்ளருக்குள் போய் உட்காரும். பின்னில் பச்சை பூத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்த்தால் போர்டில் வெள்ளைக் கறையும் அரித்த கோடும் தெரியும். கரண்ட் கொடுக்காமல், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் வைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போட்டு ஓடின வண்டிகள் உண்டு. சால்டர் விட்டிருந்தாலோ ஒரு சிப் கருகியிருந்தாலோ போர்டு ரிப்பேர் செய்பவர்கள் மாற்றித் தருவார்கள். என் அனுபவத்தில் இதுதான் முதலில் முயல வேண்டிய வழி. காரணம் விலை மட்டுமில்லை: பெட்டி உங்கள் வண்டிக்குச் சொந்தமானது, உங்கள் சாவியையும் சேசிஸ் நம்பரையும் ஏற்கனவே அறிந்தது.

இங்கேதான் காயலான் கடை பெட்டியின் சிக்கல் வருகிறது. அதே மாடல் என்பது போதாது. பெட்டியின் மேல் ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல இருந்து, உள்ளே வேறு அமைப்போடு வரும் பெட்டிகள் உண்டு. நம்பர் பொருந்தினாலும் அதற்குள் வேறொரு வண்டியின் சேசிஸ் நம்பரும் அந்த வண்டியின் அமைப்பும் இருக்கும். சில வண்டிகளில் கிலோமீட்டர் கணக்கும் மீட்டரோடு சேர்த்து இதிலும் பதிவாகும். சாவி சரிபார்ப்பு இதன் கையில் இருக்கும் வண்டியாக இருந்தால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. இதையெல்லாம் கம்பெனி ஸ்கேனரில் மாற்றி எழுத முடியுமா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். புதிய பெட்டியில் ஒருமுறை மட்டுமே எழுத விடும் முறையும் உண்டு, ஏற்கனவே எழுதப்பட்டதை அது திரும்ப ஏற்காது. ஆகவே 9,000-ஐக் கொடுக்கும் முன், உங்கள் பகுதி சர்வீஸ் சென்டரில் பார்ட் நம்பரைச் சொல்லி, "பயன்படுத்தினதை எழுத முடியுமா" என்று கேட்டு, பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய பெட்டியில் உள்ள தகவலைப் படித்து வாங்கும் பெட்டிக்கு நகல் எடுத்துத் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். சொந்த வண்டிக்கு, கிலோமீட்டரைக் குறைக்காமல் அப்படியே எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பழைய பெட்டியில் தகவலே கெட்டிருந்தால் நோயும் சேர்ந்து நகலாகும். கிலோமீட்டரை எழுதி ரசீது வாங்கி வையுங்கள், நாளைக்கு வண்டியை விற்கும்போது கேள்வி வரும். தெரிந்தவர் வண்டியில் இருந்து பெட்டியைக் கழற்றி ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் செய்யவே வேண்டாம். உங்கள் வயரிங்கில் ஷார்ட் இருந்தால் அந்தப் பெட்டியும் சேர்ந்து போகும், அப்புறம் இரண்டு வண்டி நிற்கும்.

நாமே மாற்ற முடியுமா என்றால், கழற்றி மாட்டுவது முடியும், எழுதுவது முடியாது. கழற்றும் முன் எல்லாக் கோளாறுக் குறியீடுகளையும் ஸ்கேனரில் படித்துப் போட்டோ எடுத்து, பழைய பெட்டி கொஞ்சமாவது பேசினால் அதன் அமைப்பைச் சேமிக்கச் சொல்லுங்கள். சாவியை அணைத்த உடனே பேட்டரி கட்-ஆஃப் போடாதீர்கள். பிஎஸ்-6 வண்டியில் சாவியை அணைத்த பிறகு, புகையைச் சுத்தம் செய்யும் யூரியாவுக்கான பம்ப் குழாயில் உள்ளதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடமாவது விட்டு, பிறகு நெகட்டிவைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்ப் ஊசியை கப்ளர் பின்னுக்குள் முன்பக்கமாகக் குத்தாதீர்கள். வாய் அகன்றுவிட்டால் பிறகு வரும் கோளாறைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். புதிய பெட்டியை அதே இடத்தில், கப்ளர் கீழ்நோக்கி இருந்தால் அப்படியே, வயரிங் ஒரு சிறு வளைவாகத் தொங்கி ஏறுமாறு மாட்டுங்கள். தண்ணீர் வந்தாலும் வளைவில் சொட்டிவிடும். எழுதும்போது 24 வோல்ட் சப்போர்ட் சார்ஜர் போடச் சொல்லுங்கள். பாதி எழுதிக்கொண்டிருக்கையில் வோல்ட்டேஜ் விழுந்தால் புதுப் பெட்டியும் செத்த பெட்டிதான். எழுதி முடித்ததும் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாகப் போட்டுச் சோதியுங்கள்.

இப்போது எதனால் போகிறது என்பது. என் கையில் வந்த பெட்டிகளில் அதிகம் பார்த்தது தண்ணீர், வெல்டிங், பேட்டரி, இந்த மூன்றும்தான். பாடி பட்டறையில் சேசிஸில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல் விட்டால், வெல்டிங் கரண்ட் எர்த் வழியாகத் திரும்புகிற பாதையில் இந்தப் பெட்டிகளும் வந்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றுவதும் அப்படியே. டைனமோவில் இருந்து வோல்ட்டேஜ் துள்ளும். மூன்றாவது, லாரிக்கே உரியது: 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகப் போட்டது. பாட்டு ஆம்ப்ளிஃபையருக்கும் அலங்கார விளக்குக்கும் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிடுகிறார்கள். ஒன்று காய்கிறது, இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிறது. இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இணைப்பை எடுத்துவிட்டு, 24-ஐ 12-ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது மொத்த வோல்ட்டேஜ் 27.5-ல் இருந்து 28.5-க்குள் நிற்க வேண்டும். கூடுதல் விளக்கு, ஏர் ஹாரன் எதுவாக இருந்தாலும் பிசிஎம் வயரில் இருந்து தட்டி எடுக்காமல், தனி ஃபியூஸும் ரிலேயும் போட்டு பேட்டரியில் இருந்து நேரே எடுங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஹெட்லைட் சரியாகும் வரை அந்த வண்டியை ராத்திரி லோடுக்கு அனுப்பாதீர்கள். பெங்களூரில் இருந்து இறங்கி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விளக்கு அணைந்தால் டிரைவருக்கு ஒரு நொடிகூட மிச்சம் இருக்காது.

நாளைக்குக் காலையில் கேபினைத் தூக்கி அந்த எர்த் பட்டையை முதலில் பாருங்கள். டேப்பைப் பிரித்து, இரண்டு போல்ட்டையும் கழற்றி, பெயிண்டும் பச்சையும் போக எமரி பேப்பரால் தேய்த்து, புதுப் பட்டை போடுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். பிறகு ஹாரன் அடித்துப் பாருங்கள். வைப்பர் அசையாமல் இருந்து ஹெட்லைட் மட்டும் அணைந்தால், எர்த் பின்னில் வந்த வோல்ட், கேனில் வந்த ஓம், போட்டிருக்கும் பல்பின் வாட் மூன்றையும் இங்கே எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.